யானைப்படைக்கு முன் நான்கு எண்கள்

தியேட்டர் நாற்காலிகள் உட்கார்ந்திருப்பவரின் இதயத்துடிப்பைக் கேட்டு, அவரவருக்கு ஏற்றபடி இசையை மாற்றிக் கொடுத்தன. அதனால் முப்பது படங்களுக்கு இசையமைத்த பிறகும், தன் மெட்டை இரண்டு பேர் ஒரே மாதிரி முணுமுணுத்து வான்மதி கேட்டதில்லை.

முப்பத்தோராவது படம் பாண்டியர் காலத்துப் போர்க்கதை. எண்பது பேர் வாசித்த இசை. முதல் நாள் கணவர் ஜெயசீலனுடன் பார்க்கப் போனவள், யானைப்படை கிளம்பும் இடத்தில் பதறிப்போனாள். வாத்தியக்காரர்கள் சேர்ந்து தொடங்குவதற்காக அவள் எண்ணிச் சொன்னதை ஒலிப்பதிவிலிருந்து வெட்ட மறந்திருந்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!"

நாற்காலிகள் இசையைத்தான் மாற்றும், பேச்சுக்குரலை அல்ல. அரங்கம் முழுக்க அவள் குரல் அப்படியே கேட்டது.

"ஐயோ, மானம் போச்சுங்க!"

"ஏன்? ராணி உத்தரவு போடுற மாதிரி நல்லாத்தானே இருக்கு?"

ஒரு வாரம் கழித்து டைரக்டர் போன் செய்தார். "மேடம், அதை எடுத்துடவா?"

"இன்னிக்கு ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

அன்று யானைகள் வந்ததும் அரங்கிலிருந்த நானூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

இருட்டில் வான்மதியின் கை தானாக உயர்ந்து, நாலுக்குச் சரியாக இறங்கியது.