கதவு திறந்த நேரம்

“படிக்கட்டு இன்னும் வரலைங்க. கொஞ்சம் பொறுமையா உட்காருங்க” என்றாள் பணிப்பெண் மெர்லே. அவள் கை விமானக் கதவின் பிடியில் இருந்தது.

பொய். முதல் வரிசை ஜன்னலோரம் இருந்த ஹின்ரிஹ் எட்டிப் பார்த்தார். படிக்கட்டு கதவோடு ஒட்டி நின்றது. கீழே மஞ்சள் சட்டைக்காரன் கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டிவிட்டான்.

வியன்னாவிலிருந்து ஜெர்மனியின் பிரேமன் நகருக்குக் காலை பதினொன்று இருபதுக்கு வந்திருக்க வேண்டிய விமானம். இயந்திரக் கோளாறு என்று அங்கேயே கிடந்துவிட்டு, இப்போதுதான் வந்து நின்றிருந்தது.

“என்னம்மா, நல்ல நேரம் பார்த்துத்தான் திறப்பீங்களோ?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிலர் சிரித்தார்கள்.

“என் சம்சாரத்துக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. உட்கார முடியலை. திறங்கம்மா!” என்றார் ஹின்ரிஹ்.

மெர்லே அவர் முகத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இதோ, ஆச்சுங்க ஐயா.”

ஹின்ரிஹ் நாற்பது வருடம் ரயில்வே சிக்னல் அறையில் இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று எழுதி எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சின்ன நோட்டு உண்டு. எழுதினார்: 14.14, விமானம் நின்றது. 14.15, படிக்கட்டு தயார். 14.21, கதவு திறந்தது.

“இடுப்பைப் பார்த்துக்கோங்கம்மா” என்று அவர் மனைவி அல்முட்டைக் கைகொடுத்து இறக்கிவிட்டாள் மெர்லே. ஹின்ரிஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் டிராமில் அவருக்கு மனம் ஆறவில்லை. “காலையில நீ பசியில சோர்ந்து போனப்ப, தன்னோட ரொட்டியைப் பாதி பிட்டுக் கொடுத்தாளே, எவ்வளவு நல்ல பொண்ணுன்னு நெனச்சேன். அவளே முகத்துக்கு நேரா பொய் சொல்லிட்டாளே! ஆறு நிமிஷம் உன்னை வலியில உட்கார வெச்சிட்டா. விடமாட்டேன், கம்பெனிக்கு எழுதப்போறேன்.”

“எழுதறதா இருந்தா, ரொட்டி கொடுத்ததையும் சேர்த்து எழுதுங்க” என்றாள் அல்முட்.

அன்று சாயங்காலமே நிமிடக் கணக்கோடு புகார் எழுதி அனுப்பினார். ரொட்டியைப் பற்றி எழுதவில்லை.

பத்து நாளில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. ‘படிக்கட்டு 14.15-க்கே தயாராகியும் கதவு ஆறு நிமிடம் தாமதமாகத் திறக்கப்பட்டது உண்மை. வருந்துகிறோம். உரிய நடவடிக்கை எடுத்துவிட்டோம்.’

அதைவிட அவருக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வியன்னாவில் மகளுக்குப் பிரசவ நேரம். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இலையுதிர் காலத்தில் திரும்பவும் போக வேண்டும். ஓய்வூதியத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பயணம் முடியாத காரியம்.

மூன்று மணி நேரம் தாமதமானால் ஆளுக்கு இருநூற்றைம்பது யூரோ நஷ்டஈடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கேட்டு எழுதினார். ‘தாமதம் இரண்டு மணி ஐம்பத்து நான்கு நிமிடம்தான். ஒன்றும் தருவதற்கில்லை’ என்று நிறுவனம் கைவிரித்தது.

நுகர்வோர் ஆலோசனை மையத்தில் கண்ணாடி போட்ட அம்மாள் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“விமானம் வந்து நின்ன நேரத்தைச் சொல்லி ஏமாத்தப் பார்க்கிறாங்க. அது கணக்கே இல்லைங்க. கதவு எப்ப திறந்ததோ அதுதான் சட்டப்படி வந்து சேர்ந்த நேரம். பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கு. எப்ப திறந்துச்சுன்னு சாட்சி இருக்கா?”

ஹின்ரிஹ் நோட்டையும், புகாரின் நகலையும், அதற்கு வந்த பதிலையும் மேசையில் வைத்தார்.

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். “ஆறு நிமிஷம்னு அவங்களே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டிருக்காங்களே! படிக்கட்டு 14.15, கதவு 14.21. அப்போ தாமதம் மூணு மணி ஒரு நிமிஷம். உங்க கோபம் வீண் போகலைங்க ஐயா.”

மூன்று வாரத்தில் ஐந்நூறு யூரோ வந்து சேர்ந்தது. அல்முட் கைகூப்பினாள். “கடவுள் கண்ணைத் திறந்துட்டார். போய் வெண்ணெய்க் கேக் வாங்கிட்டு வாங்க, கொண்டாடலாம்.”

ரொட்டிக் கடையில் வரிசை நகர்ந்தது. “மொயின், வணக்கம்! என்ன வேணும்?” என்று நிமிர்ந்த முகத்தைப் பார்த்து ஹின்ரிஹ் திகைத்தார். தலையில் கடைத் தொப்பி. மெர்லே.

அவளும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். “முதல் வரிசை ஐயாதானே? அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா?”

“தேவலை… நீங்க எப்படி இங்க?”

“வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கதவைத் திறக்காம நின்னேன்னு யாரோ ஒரு பயணி நிமிஷக் கணக்கோட எழுதிட்டாராம். பேரு சொல்லலை.” கேக்கைப் பொட்டலம் கட்டி, மேலே ஒரு ரொட்டியும் வைத்தாள். “இது அம்மாவுக்கு. காசு வேண்டாம்.”

ஹின்ரிஹின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த நோட்டை மூடிக்கொண்டது. “அன்னிக்கு… ஏம்மா அப்படி நின்னீங்க?”

அவள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள்.

“மூணு மணி நேரம் தாண்டட்டும்னுதான். உங்களுக்குப் பணம் வந்துச்சா, ஐயா?”