கடைசி வரிக்கு முன்னால்

மே மாதத்து மாலை வெயில் கோயிலின் நீலக் கண்ணாடி வழியாக மாதா சுரூபத்தின் மேல் விழுகிறது. சுரூபத்துக்கு ஏறும் மரப்படியில் ஏழு வயது லவீனியா, முதுகில் சம்மனசு வேடத்து வெள்ளை இறக்கை, கையில் கிரீடம். பாட்டு முடிவதற்குள் அவள் மாதாவுக்கு முடிசூட்டிவிட வேண்டும், அதுதான் வழக்கம். நான்காம் படியில் கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறாள். பாடுகிறவள் அவள் அம்மா ஜுசாரா. மிச்சம் இருப்பது ஒரே வரி. அம்மா பாட்டை விட்டுத் தன்னிடம் ஓடிவந்தால் பிள்ளை எல்லார் முன்னாலும் உடைந்து அழுதுவிடுவாள். "முடிச்சிராதடா, சுத்திச் சுத்தி வாசி," என்று கிதார் வாசிக்கும் தம்பி வால்டெசிரிடம் ஜுசாரா முணுமுணுக்கிறாள். அவன் விரல்கள் அதே நாலு சுரத்தை ஊஞ்சல்போல ஆட்டுகின்றன. அவள் வார்த்தையே இல்லாமல் மெல்ல ராகம் இழைக்கிறாள். "இவ பாடுறது கோயில்லயா, கடற்கரையில காத்து வாங்கிக்கிட்டா?" என்கிறாள் முன்வரிசையில் இருக்கும், இறக்கை தைத்துக்கொடுத்த எவுலாலியா அக்கா. ஜுசாராவின் கண் மகளின் வெள்ளைச் செருப்பை விட்டு நகரவில்லை. செருப்பின் நுனி தாளத்துக்கு ஒரு தட்டு தட்டுகிறது. ஒரு படி ஏறுகிறது. இன்னொரு படி. கிரீடம் மாதாவின் தலையில் இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்கிறது. ஜுசாரா கடைசி வரியைப் பாடி மூச்சு விடுகிறாள். "கோணலா இருக்கே, சரிபண்ணட்டுமா?" என்கிறான் வால்டெசிர். "கைய வைக்காத," என்கிறாள் எவுலாலியா, "மாதா பாட்டுக்குத் தலையாட்டுற மாதிரில்ல இருக்கு."