தட்டு மாற்றும் முன்

"வண்டிச் சத்தம் ஏதாச்சும் கேக்குதாம்மா?" அறைக்குள்ளிருந்து பூங்காவனம் கிசுகிசுத்தாள்.

"இல்லடி. இன்னாத்துக்கு இப்படிப் பதறுற?" தையலம்மாள் மகளின் தலையில் சரிந்த பூவைச் சரிசெய்தாள். "உன் தம்பி நெட்டப்பாக்கத்துல அத்தை வூட்டுல இருக்கான். பொழுது சாஞ்சப்புறம்தான் வண்டிக்கார பச்சையப்பன் கூட்டியாருவான். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கண்ணுல படமாட்டான்."

பூங்காவனம் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். மீசை அரும்பியும் தம்பி ஏழுமலைக்குப் பேச்சு வரவில்லை. இன்னமும் அவள்தான் சோறூட்ட வேண்டும். போன வருஷம் வந்த சம்பந்தம், அவனைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோய்விட்டது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. தை மாசமே கல்யாணத்த வச்சி, முனிசிபாலிட்டி மேரி ஆபீசுலயும் பதிஞ்சிடலாம். தட்டை மாத்திக்கலாமா?"

வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்கள். மாற்றிவிட்டால் பேச்சு மாறக்கூடாது.

அப்போது வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது. தையலம்மாளுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, காரியம் கெட்டுச்சே!"

பச்சையப்பன் ஏழுமலையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, அறை வாசலில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்தான். "கோச்சுக்காத தங்கச்சி. நீ சொன்னாப்போல மத்தியானமே கெளம்பிட்டேன். வழியில சக்கரம் சேத்துல மாட்டிக்கிச்சு."

பூங்காவனம் அப்போதுதான் மூச்சு விட்டாள். வெளியே வந்து, தம்பியைக் கூடத்து நடுவில் உட்காரவைத்து, முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள்.

"இவன் என் தம்பி. எங்க அம்மாவுக்கு அப்புறம் என்கூடத்தான் இருப்பான்" என்றாள். "இப்ப மாத்துங்க தட்டை."