ஒரு மாத இருட்டு

"பூட்ட ஒடைச்சிருதேன். எது வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்."

காளிராஜ் கழுகுமலையிலிருந்து கிளம்பி, கோவில்பட்டியில் பஸ் மாறி, இடைசெவலில் வந்து இறங்கியிருந்தான். பூட்டிய அறைக்குள் கிடப்பது அவன் கூடப்பிறந்த தங்கை முத்துச்செல்வி. இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம்.

சேதி அனுப்பியது பக்கத்து வீட்டுச் சீனித்தாய்.

"பதினோரு நாளாச்சு தம்பி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. மாமியாக்காரி வெளிய போனா பூட்டிட்டுல்லா போறா! என்ன ஏதுன்னு கேட்டா வள்ளுன்னு விழுதா."

"மச்சான் எங்க?"

"சாமித்துரை லாரியில நாக்பூர் போயிருக்கான். இருந்தா மட்டும் ஆத்தாள எதுத்துப் பேசவா போறான்?"

காளிராஜ் கதவைத் தட்டினான். "செல்வி, அண்ணன் வந்திருக்கேன்மா."

உள்ளேயிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "வேணாம்ணே... தொறக்காத."

"பாத்தியா தம்பி, எப்படிப் பயந்து கெடக்கா!"

கல்லை எடுத்து அவன் போட்ட மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

இருட்டில், சுவரோடு ஒட்டி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் முத்துச்செல்வி. காளிராஜ் போர்வையைப் பிடுங்கி எறிந்தான். இடது கன்னம் வீங்கி, கண்ணே இடுங்கிப் போயிருந்தது.

"அடிச்சிருக்கா! எந்தங்கச்சிய அடிச்சிருக்கா!"

அவள் இல்லை இல்லையென்று தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினாள். வாயில் பேச்சு வரவில்லை.

"இனி ஒரு நிமிசம் நீ இங்க இருக்கக் கூடாது. நம்ம வீட்டுக்கு வா. என் உசுரு இருக்க வரைக்கும் ஒன்னய ராணி மாதிரி வச்சுக்கிடுதேன்."

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்தினான்.

சித்திரை வெயில். முத்துச்செல்வி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

கடைக்குப் போயிருந்த மாமியார் சங்கரம்மாள் அப்போதுதான் தெருவில் வந்துகொண்டிருந்தாள். அலறல் கேட்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பாவி! கெடுத்தியேடா!"

முந்தானையை உருவி மருமகளின் தலையோடு போர்த்தி, அணைத்துப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவளைக் காளிராஜ் மறித்தான்.

"போலீசுக்குப் போகட்டுமா அத்தே?"

"போ. சேதியக் கேட்டுட்டுப் போ." சங்கரம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றாள். "அவளுக்குக் கன்னத்துக்குள்ள புத்துநோய். வெட்டி எடுத்தா பாதி மொகம் போயிரும்னாக. மெட்ராசுல ஒரு ஆஸ்பத்திரியில ஊசி வழியா மருந்து ஏத்தி, ரெண்டு நாள் கழிச்சு வாய்க்குள்ள லைட்டு அடிச்சாக. அந்த வெளிச்சம் பட்டா மருந்து கட்டியக் கருக்கிருமாம். அந்த வீக்கந்தான் அது. மருந்து ஒடம்புல ஒரு மாசம் நிக்கும், அதுவரைக்கும் வெயில் பட்டா மேலெல்லாம் வெந்து போகும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாக. ஆளாளுக்கு வந்து படக்குனு கதவத் தொறந்துருதாகளேன்னுதான் பூட்டிட்டுப் போனேன்."

சீனித்தாய் எப்போது நழுவினாள் என்றே தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் சத்தியம் வாங்கிக்கிட்டா. எங்கண்ணன் கேட்டா அன்னைக்கே உசுர விட்டுருவான்னு அழுதா."

காளிராஜ், தங்கையைப் பிடித்து இழுத்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தே, கொஞ்சம் தண்ணி."

பதறி வந்த பிள்ளைக்குத் தொண்டை வறண்டிருக்கும் என்று சங்கரம்மாள் செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் குடிக்கவில்லை. முற்றத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைக் கழுவினான்.

"சோப்பு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"ஒட்டுற வியாதி இல்ல தம்பி. நான் அவ பக்கத்துலதான் படுக்கேன்."

"இருக்கட்டும் அத்தே. எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. இவ இங்கனயே இருக்கட்டும். இந்தச் சங்கதி எங்க ஊருக்குத் தெரிய வேண்டாம்."

"ஒரு எட்டு உள்ள வந்து பாத்துட்டாவது போ."

"பஸ்ஸு போயிரும்."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

சங்கரம்மாள் உள்ளே வந்தாள். சிவந்து கன்றிப்போன முகத்தில் ஈரத்துணியைப் போட்டாள். முத்துச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய வாயால் திணறித் திணறிக் கேட்டாள்.

"அண்ணன்... எங்க அத்தே?"

"போக மாட்டேன்னு வாசல்லயே உக்காந்து அழுதுக்கிட்டிருந்தான் தாயி. நாந்தான் கண்டபடி பேசி வெரட்டி விட்டுட்டேன்."