கசங்கிய பெயர் அட்டை

பெயர் என்ன என்று ஆயர் பிரெஞ்சில் கேட்டார். ஜொய்சி வாயைத் திறக்கவில்லை.

2004 மே மாதத்து ஞாயிறு. தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்குக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும், தாங்கள் எடுத்துக்கொள்ளும் புனிதரின் பெயரை அட்டையில் எழுதி நெஞ்சில் குத்தியிருந்தார்கள். ஜொய்சியின் அட்டை மட்டும் கைக்குள் கசங்கிக் கிடந்தது. அதில் செசிலியா என்று எழுதியது தாய் அல்போன்சம்மா.

பிள்ளையின் தோளில் ஞானத்தாயாகக் கை வைத்து நின்றவள் றோஸ்மேரி. பாடசாலையில் பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்டு உளவளத்துணை செய்பவள். தன்னிடம் வரும் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்பது அவளுடைய தொழிலுக்கு ஆகாது. ஆனால் மொன்றியலில் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு அவ்வளவு பெரிதல்ல; ஆள் கிடைப்பது அரிது. அல்போன்சம்மாவும் விடுகிற ஆளில்லை.

"நீங்கள் சொன்னால் பிள்ளை கேக்கும் மிஸ். பொம்பிளைப் பிள்ளை, தான் பெடியன் எண்டு சொல்லுற விசரை எப்பிடியாவது விடப் பண்ணுங்கோ."

றோஸ்மேரி எதையும் விடப் பண்ணவில்லை. ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். மூன்றாம் தடவை வந்தபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் பெயர் செபஸ்தியான் என்றது. யாருக்கும் சொல்லக்கூடாது என்றது. அவள் சொல்லவில்லை.

ஆயர் இரண்டாம் முறை கேட்டார்.

 பிள்ளை சொல்லாவிட்டால் ஞானத்தாய் றோஸ்மேரிதான் சொல்லவேண்டும். செசிலியா என்றால் பிள்ளையைக் கைவிட்டதாகும். செபஸ்தியான் என்றால் வாக்குத் தவறியதாகும்.

பின்னால் சனம் இருந்த மரவாங்கு கிறீச்சிட்டது. அல்போன்சம்மா எழுந்து நின்றாள்.

"செபஸ்தியான்!"

சோறு ஆறுது வா என்று கூப்பிடுகிற அதே எரிச்சல் குரல். சனம் திரும்பிப் பார்த்தது. ஆயருக்கு வேறொன்றும் விளங்கவில்லை, பெயர் விளங்கியது. பெருவிரலால் தைலத்தைத் தொட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டார்.

பூசை முடிந்ததும் வாசலில், தான் அந்தப் பெயரை மூச்சுக்கூட விடவில்லை என்று றோஸ்மேரி சொன்னாள்.

அல்போன்சம்மா பிள்ளையின் நெற்றி எண்ணெயைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள். பிறகு துடைக்காமல் விட்டாள்.

"நீங்கள் ஏன் சொல்லவேணும்? வயித்தில இருக்கேக்க, பெடியன் எண்டு நினைச்சு நான் வைச்ச பேர் அது. சின்னனில சிரிச்சுக்கொண்டு பகிடியா அப்பிடிக் கூப்பிடுவன். பிள்ளைதான் பகிடியா எடுக்கேல்ல."