க்ரீமில் எழுதிய தங்கம்

"ஹலோ, கேக் கடைதானே? எங்க ஆபீஸ் ஆர்டரை கேன்சல் பண்ணிடுங்க."

"ஏன் சார்? கேக் ரெடியா இருக்கே. சனிக்கிழமையே எழுதி முடிச்சாச்சு."

"அவதான் கவுத்துட்டாளே. அப்புறம் கேக் எதுக்கு?"

டொக்கென்று போனை வைத்துவிட்டார். கடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை கடை திறந்ததிலிருந்து இதே பாட்டுதான். பளு தூக்கும் போட்டியில் அந்தப் பெண்ணுக்குத்தான் தங்கம் என்று பேப்பரும் டிவியும் அடித்துச் சொன்னதில், 'இந்தியாவின் தங்கச் சிட்டுக்கு வாழ்த்துகள்' என்று எழுதச் சொல்லி ஆர்டர் குவிந்திருந்தது. ஆள் குள்ளம், தூக்குவதோ மலையை. அதனால் நாடு முழுக்க அவளுக்குச் 'சிட்டு' என்றே பெயர். சனிக்கிழமை ராத்திரி அந்தச் சிட்டு மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் கம்பி கைநழுவி விழுந்தது. வெண்கலம்கூட இல்லை.

"அநியாயத்தைப் பாத்தீங்களா?" என்றாள், கல்லாவில் இருந்த கணவரிடம். "போன வாரம் இதே மனுஷன் எங்க சிட்டு, எங்க சிட்டுன்னு தலையில தூக்கி வச்சு ஆடினாரு. இன்னிக்கு 'அவ'ளாம்."

"ஊர் வம்பு நமக்கெதுக்கு? வாசக் கதவுல சிட்டு படம் ஒட்டியிருக்கோமே, அதை என்ன பண்றது?"

"கழட்டிடுங்க. வர்றவங்க அதைப் பாத்து மூஞ்சியைத் திருப்பறாங்க. பொறந்தநாள் கேக் போஸ்டர் ஒண்ணு உள்ள கிடக்கு, அதை மாட்டுங்க. பொழப்பு நடக்கணும்ல."

அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அதற்குள் மறுபடி போன். இந்தத் தடவை ஒரு பெண்.

"அக்கா, அந்தப் பேரை வழிச்சு எடுத்துட்டு 'மேனேஜருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்'னு எழுதிடுங்களேன். நல்ல கேக் வீணாகக் கூடாது பாருங்க."

கேக் வீணாகக் கூடாதாம். பெண் வீணாகப் போனால் பரவாயில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைக் கத்தியால் சிட்டுவை வழித்து எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்தா இன்னொருவர் உள்ளே நுழைய வேண்டும்? ஒல்லியான மனிதர். சனிக்கிழமை நேரிலேயே வந்து ஆர்டர் கொடுத்தவர். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

"சின்ன கேக் ஒண்ணு சொல்லியிருந்தேம்மா. அதுல எழுதினதை மட்டும் அழிச்சுடணும்."

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அவர் தலையில் இறங்கியது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஜெயிச்சா நம்ம பொண்ணு, தோத்தா எவ பெத்த பொண்ணோ. அப்படித்தானே?"

"அதில்லம்மா…"

"நான் முடிச்சுடறேன். நாமல்லாம் சோபாவுல சாஞ்சு டிவி பாக்கறவங்க. ஒரு காஸ் சிலிண்டரை நகத்தணும்னா ஆளைக் கூப்பிடுவோம். அந்தப் பொண்ணு அவ்ளோ எடையைத் தலைக்கு மேல தூக்குறவ. ஒரு நாள் கை நழுவிடுச்சுன்னா நாடே அவளைக் கை கழுவிடுமா? கொஞ்சமாவது ஈவிரக்கம் வேணாம்?"

கணவர் இருமிப் பார்த்தார். "வாடிக்கையாளர்கிட்ட என்ன பேச்சு இது?"

"நீங்க சும்மா இருங்க. யாராவது கேக்கணும்ல."

வந்தவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ரெண்டு நாளா இப்படிப் பேசற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"அப்புறம் ஏன் அழிக்கச் சொல்றீங்க?"

"தங்கம்னு எழுதியிருக்கறதைப் பாத்தா அவளுக்கு ஒரு வாய் உள்ள இறங்காது. எடை ஏறிடும்னு ரெண்டு வருஷமா இனிப்பே தொடல. போட்டி முடிஞ்சதும் எனக்கு ஒரு கேக் வாங்கிக் குடுன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினா. சாயங்காலம் வர்றா."

கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

"நீங்க சிட்டுவோட…"

"அப்பா."

கடைக்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து அந்தச் சின்ன கேக்கை எடுத்து வைத்து, 'தங்கச் சிட்டு'வை அலுங்காமல் வழித்தெடுத்தாள்.

"என்ன எழுதட்டும் சார்?"

"'பாப்பா, வயிறு நெறைய சாப்பிடு.' அது போதும்மா."

அப்படியே எழுதினாள். கேட்காமலே சுற்றிலும் ரோஜாப்பூ வைத்தாள். பெட்டியில் வைத்துத் தானே ரிப்பன் கட்டினாள். ஊரே அந்தப் பெண்ணைக் கரித்துக் கொட்டும்போது நாமாவது நாலு வார்த்தை நியாயமாகப் பேசினோம், அதுவும் பெற்றவர் காதிலேயே விழுந்தது என்று நினைக்க நினைக்க மனசு நிறைந்துவிட்டது.

"சிட்டுகிட்ட சொல்லுங்க. நாங்கல்லாம் அவ பக்கம்தான்."

"கண்டிப்பா சொல்றேம்மா."

பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசல்வரை போனவர், பிறந்தநாள் போஸ்டருக்கு முன்னால் நின்றார். கதவுக்குப் பின்னால் சுருட்டிச் சாத்தி வைத்திருந்த சிட்டு படத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அம்மா, வர்ற வழியில கேக் கடைக் கதவுல உன் படம் பெருசா இருக்கும் பாருன்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். குப்பையில போடறதா இருந்தா, அதை நான் எடுத்துக்கட்டுமா?"