இரண்டாவது ஆட்சேபனை

"ஆட்சேபனை இருக்கறவங்க மட்டும் கையைத் தூக்குங்க" என்றார் வனத்துறை அதிகாரி வசந்தகுமார்.

பழவேற்காட்டுப் பள்ளிக்கூடக் கூடத்தில் ஒரே ஒரு கை உயர்ந்தது. குப்புராஜின் கை.

பறவைகள் சரணாலயத்தை எப்படிப் பராமரிக்கலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. பூநாரைகள் இறங்கும் வடக்கு மேட்டுத் தண்ணீரில் பனிக்காலம் முடியும்வரை யாரும் கால் வைக்கவோ படகு விடவோ கூடாது என்பது இலாகாவின் யோசனை. ஊரே சரி என்றுவிட்டது.

ஆனால் அந்த இடம் இந்த வருஷம் குப்புராஜின் பாடு. ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர்.

"வேற எடம் குடுக்கறோம்னு சொல்றோமே, அப்புறம் இன்னாடா?" என்றார் ஊர்த் தலைவர் துளசிராமன்.

"எனக்கு அதான் வேணும்."

"கும்மிடிப்பூண்டி கம்பெனியில நைட் ஷிப்ட் போய்க்கினு கீற. சம்பளமும் வேணும், ஏரியும் வேணுமா?"

"வேணும்" என்றான் குப்புராஜ், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

படகுக்கார ஹனீப் பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. பறவை பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. பிழைப்பு என்பது பேச்சுக்குத்தான். பூநாரை என்றால் மனிதருக்குப் பைத்தியம். 'எனக்கு சக்களத்தி ஏரியில நிக்குறா' என்று வீட்டில் மனைவி ரஷீதா கேலி செய்வாள்.

"இவன் வலை கட்டினா ஒரு நாரைகூட நிக்காது சார்" என்றார் ஹனீப்.

"அதுக்கு ஆதாரம் இருந்தா கொண்டாங்க பாய். நாளைக்கு மறுபடி கூடுவோம்."

"போட்டோவே கொண்டாரேன்." புதிதாக வாங்கிய கேமரா செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் ஏரி எது, வானம் எது என்று தெரியாதபடி பனி மூடிக் கிடந்தது. ஹனீப் கழி ஊன்றும் சத்தம் அவருக்கே வேறு யாருடைய படகிலிருந்தோ வருவதுபோல் கேட்டது. விழித்துக்கொண்டுதான் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளைக்குள் மெதுவாக ஓர் இளஞ்சிவப்பு ஊறியது. பூநாரைகள். ஒன்றும் அசையவில்லை.

அவற்றின் கால்களுக்கு நடுவே கறுப்பாக என்னவோ மிதந்தன. பானைகளோ என்று பார்த்தார். ஒரு பானை திரும்பி அவரைப் பார்த்தது.

பெண்கள். கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்தபடி, பறி என்னும் ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே நாரையும் அதே சேற்றில் மூக்கை விட்டுத் துழாவியது. யாருக்கும் யாரைப் பற்றியும் பயமில்லை.

அவர்களில் ஒருத்தி, ஞானம்மா, வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள். "சத்தம் போடாதீங்க பாய். நாரை பறந்துடும்."

எங்கும் வலையைக் காணோம். கரையில் கம்பெனி யூனிபாரத்தோடு குப்புராஜ் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஹனீப் இறங்கிப் போனார்.

"வலை எங்கப்பா?"

"தோள்ல கீதே." காய்ந்த வலை.

"கட்டலியா?"

"கட்னா நாரையும் ஓடிப்பூடும், இவங்களுக்கு இறாலும் மிஞ்சாது."

"இவங்களுக்கு ஏது பாடு?"

"அதான் இல்லியே. பாடு ஆம்பளைக்குத்தான். புருஷன் செத்துப்பூட்டா அதுவும் பூடுது. நான் வலையோட இங்க குந்திக்கினு இருந்தா, குப்புராஜ் பாடுன்னு எவனும் கிட்ட வர்றதில்ல."

"இத்த நேத்தே கூட்டத்துல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, பாடு இல்லாதவளுங்க எப்பிடி எறங்கலாம்னு ஊரே வந்து நிக்கும். சர்க்கார் மூடினாலும் இவங்களுக்குத்தான் பட்டினி. எனக்கு இன்னா, சம்பளம் வருது."

"சரி, அதுக்கு ஏன் திரும்பிக் குந்திக்கினு கீற?"

"பொம்பளைங்க நனைஞ்சிக்கினு இருக்காங்க பாய்."

 நேற்று அவனைப் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்து ஹனீப்புக்கு வெட்கமாக இருந்தது. அவன் பக்கத்தில், அவனைப் போலவே ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் தண்ணீர் மெல்லச் சலசலத்துக்கொண்டிருந்தது.

காலை பத்து மணிக்குக் கூட்டம் கூடியது.

"போட்டோ எங்க பாய்?"

"எடுக்கல சார்."

"பரவாயில்ல. எதிர்க்கறவர் ஒருத்தர்தானே? தள்ளிட்டு எழுதிடறேன்."

ஹனீப் எழுந்து நின்றார். "ஒருத்தர் இல்ல சார், ரெண்டு பேர். அந்த எடத்த மூடக்கூடாதுன்னு நானும் சொல்றேன்."

கூடம் திகைத்தது. குப்புராஜ்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களா? ஏன்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஹனீப் அதை விழுங்கினார்.

"அங்க இட்டுக்கினு போனாத்தான் டூரிஸ்ட்டுங்க டப்பு குடுப்பாங்க சார். அத்த உட முடியுமா?"

அதிகாரி அவரை அருவருப்போடு பார்த்தார். "பறவைக்காக உருகினவரே இப்படிச் சொன்னா நான் என்னத்த எழுத? வடக்கு மேடு இருக்கிறபடியே இருக்கட்டும்."

"நாரை நாரைன்னு இத்தினி நாளா நடிச்சது இதுக்குத்தானா?" துளசிராமன் எழுந்து ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினார். "த்தூ, நீயெல்லாம் ஒரு மனுஷன்."

தன்னை யாரும் இவ்வளவு சரியாக மனுஷன் என்று சொன்னதில்லை என்று ஹனீப்புக்குத் தோன்றியது.